கதவுக்கு அடியில் ஐந்து விரல்கள்

அத்தியாயம் 9

"நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் நீ இங்கயே இருப்பியாம்மா?"

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலையில், பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டு மிளகு கேட்ட கேள்வி இது. நாலு வயது. ஒரு கையில் கால்சட்டை நாடா, இன்னொரு கையில் கதவு.

"இருப்பேன்டா தங்கம். நான் எங்க போகப் போறேன்?" என்றாள் அம்மா.

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா பையைத் தோளில் மாட்டினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். பூனை நடையில் படியிறங்கி, இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் செருப்பைக் காலில் போட்டாள்.

அதன் பிறகு மிளகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அம்மாவுக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை.

இந்தக் குடும்பத்தோடு எட்டு வாரமாகக் கூடவே நடந்து வருகிறவர்களுக்கு மற்றதெல்லாம் தெரியும். வழியில் வந்து சேர்ந்துகொண்டவர்களுக்காக ஒரு சில வரிகள். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு மூன்றாவது மாடியில் இந்த இரண்டு அறைக்குக் குடிவந்தார்கள். வந்த அதே வாரத்தில் அம்மா, நாலு வருடம் விட்டுப்போன பரிசோதனைக்கூட வேலையில் மறுபடி சேர்ந்தாள். மிளகைப் பக்கத்துத் தெரு மழலையர் பள்ளியில் சேர்த்தார்கள். வீடு புதிது, பள்ளி புதிது, அம்மா இல்லாத பகல் புதிது. ஒரே வாரத்தில் மூன்று.

குழந்தைக்கு மிளகு என்று பேர் வைத்தது அப்பா. "அளவு இத்தனூண்டு, காரம் ஊருக்கே வரும்" என்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏதாவது ஒரு கட்டடத்தின் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் வேலை. அம்மாவைச் சொல்லாமல் நழுவச் சொன்ன யோசனையும் அவருடையதுதான்.

"இங்க பாரு, உன்ன பாத்தாத்தானே அழுவா? பாக்கலன்னா அழ மாட்டா. அவ பாத்ரூம் போற அஞ்சு நிமிஷம் இருக்கே, அது கடவுளா பாத்து நமக்குக் குடுத்த அஞ்சு நிமிஷம்."

கடவுள் அந்த மாதிரி ஐந்து நிமிடங்களை யாருக்கும் கொடுப்பதில்லை. அது அன்றைக்கு அவர்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மிளகும் அழவில்லை. முதல் நாள் வெளியே வந்து, அறையை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "அம்மா?" என்றாள். "வேலைக்குப் போயிருக்காங்க, சாயங்காலம் வந்துடுவாங்க" என்றார் அப்பா. தலையை ஆட்டிவிட்டுப் போய்ச் சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். இரண்டாம் நாள் அந்த "அம்மா?"வும் இல்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் சமத்து சமத்து என்று கொண்டாடினார்கள். கீழ்வீட்டுக்காரி, "எம்பிள்ளை ஆறு மாசம் ஸ்கூல் வாசல்ல உருண்டுச்சு. உங்களுக்கு வரம்தான்" என்றாள். அம்மாவும் லேபில் பெருமை அடித்துக்கொண்டாள். "எம்பொண்ணு மூணே நாள்ல பழகிட்டாக்கா."

நாலாவது வாரம் தொடங்கியதும் மிளகு படுக்கையை நனைத்தாள். இரண்டு வயதிலேயே நின்றுபோன பழக்கம். செவ்வாயும் நனைத்தாள், புதனும் நனைத்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு "இங்க குத்துது" என்றாள். புதன் மாலை குழந்தை டாக்டரிடம் போனார்கள். "காய்ச்சல் இல்ல, ஸ்கூலுக்கு அனுப்பலாம். நாளைக்குக் காலைல எழுந்ததும் போற முதல் சிறுநீரைப் பிடிச்சு டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார் டாக்டர்.

இன்றைக்கு வியாழக்கிழமை.

காலையில் அப்பா சின்னப் புட்டியோடு மிளகைப் பாத்ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போனார். "குறி பாத்து விடணும், தெரியுதா? சிந்துனா அப்பா அவுட்" என்று உள்ளே அவர் வேடிக்கை காட்டுவது கேட்டது. அம்மா மணியைப் பார்த்தாள். ஏழு நாற்பது. ஏழு ஐம்பது பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டே கால். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு தடவை தாமதம்.

செருப்பைக் கையில் எடுத்தாள்.

"அம்மா?"

உள்ளேயிருந்து வந்தது குரல். ஒரே ஒரு தடவை. சத்தமாகக்கூட இல்லை. இருக்கிறாயா என்று தட்டிப் பார்ப்பதுபோல.

பதில் சொன்னால் பஸ் போய்விடும். அம்மா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைகளைக் கூப்பி, 'ஆண்டவனே, குழந்தைக்கு ஒண்ணும் இருக்கக் கூடாது' என்று வேண்டிக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு, மிளகைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற வழியில், அப்பா புட்டியை லேப் கவுன்டரில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "நானே பாக்கறேன்" என்று அம்மா அதை எடுத்துக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கி நிறத்தைப் பார்த்தாள். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது, கடுகு எண்ணெய் மாதிரி அடர்ந்து கிடந்தது. தண்ணீரே குடிக்காத உடம்பு.

சுழற்றும் இயந்திரத்தில் வைத்து, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள். கண்ணில் படும் வட்டத்துக்குள் வெள்ளணுக்கள் இரண்டு மூன்று இருந்தால் பயமில்லை. இங்கே எண்ணவே முடியவில்லை. வட்டத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் அதே கூட்டம்.

"என்ன, அப்படியே உறைஞ்சிட்ட? தள்ளு பாப்போம்." லேபின் சீனியர் அக்கா வந்து குனிந்தாள். இருபது வருடமாக இதே வேலை. "நல்ல இன்ஃபெக்‌ஷன். என்ன வயசு, நாலா? அடக்கி வெச்சிருக்கு புள்ள. நாள் முழுக்க அடக்கி வெச்சாத்தான் இப்படி ஆகும். தண்ணியும் குடிக்கல. யார் பெத்த புள்ளையோ, பாவம். வீட்ல ஒருத்தருக்குமா கண்ணு இல்ல?"

அம்மா புட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நான் பெத்ததுதான்க்கா" என்றாள்.

சீனியர் நிமிர்ந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அட... நான் பொதுவாத்தான்மா சொன்னேன். இது ஒரு வாரம் மருந்து குடுத்தா ஓடிப் போயிடும். மனசுல வெச்சுக்காத."

மனசில் வைத்துக்கொள்ளாமல் வேறு எங்கே வைப்பது?

குற்றம் நெஞ்சில் ஏறி உட்காரும்போது, அதை இறக்கி வைக்க மனுஷர்கள் முதலில் தேடுவது இன்னொருவர் தலையைத்தான். அம்மாவும் அதைத்தான் செய்தாள். ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிவிட்டு, வராந்தாவில் போய் நின்று பள்ளிக்குப் போன் போட்டாள். எடுத்தது அங்கே ஆயா வேலை பார்க்கும் பெண். பேருக்குத்தான் ஆயா. வயது இருபத்தைந்துகூட இருக்காது.

"எம்பொண்ணு பகல் முழுக்க பாத்ரூமே போறதில்லையாமே? நீ அங்க எதுக்கு இருக்க? குழந்தைங்கள கூட்டிட்டுப் போறதவிட உனக்கு என்ன வெட்டி முறிக்கிற வேலை? இன்னிக்கு அவளுக்கு உடம்புக்கு முடியல, தெரியுமா? உன்ன நம்பித்தானே விட்டோம்!"

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ ஒரு குழந்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நேர்ல வாங்கம்மா" என்றாள் அந்தப் பெண். "இது போன்ல பேசுற விஷயம் இல்ல."

"வர்றேன். வந்து உங்க ஹெச்.எம்.கிட்டயே பேசறேன்!"

சீனியரிடம் மதியம் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டாள். "போயிட்டு வா" என்றாள் அவள். பின்னாலேயே தயங்கியபடி, "இந்த நேரத்துல சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லணும். சனிக்கிழமைக்குள்ள நீ பதில் சொல்லணும்மா. காலைல ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஒத்துக்கிட்டா வேலை நிரந்தரம். இல்லன்னா மேலிடம் வேற ஆளப் பாக்கும்" என்றாள்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் தூக்க நேரம். பெரிய அறையில் பாய்கள் வரிசையாக விரித்து, குழந்தைகள் ஆளுக்கொரு திசையில் கால் நீட்டிக் கிடந்தார்கள். டீச்சர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மிளகின் பாய் காலியாக இருந்தது. ஆயாவையும் காணோம்.

அம்மா பின்பக்க நடைக்குப் போனாள். அங்கே ஓரமாக ஒரு வாளி, நட்டுவைத்த பிரஷ், பாதி கழுவிய தரை. மூன்று பாத்ரூம்களின் சின்னக் கதவுகள். நடுக் கதவுக்கு முன்னால் ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். ஒரு கையைக் கதவின் அடி இடுக்கு வழியாக உள்ளே நீட்டியிருந்தாள்.

"விரல் தெரியுதா?"

"தெரியுது" என்றது உள்ளேயிருந்து மிளகின் குரல்.

"எத்தனை இருக்கு?"

"அஞ்சு."

"அஞ்சும் இருந்தா நான் முழுசா இருக்கேன்னு அர்த்தம். விரலை வீட்ல கழட்டி வெச்சிட்டா வருவாங்க?"

உள்ளே ஒரு சிரிப்பு. சின்னதுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அம்மா எண்ணிப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீ போயிட மாட்டியேக்கா?"

"போனா சொல்லிட்டுத்தான் போவேன்."

"எங்கம்மா சொல்லாது." குரலில் புகார் இல்லை. மழை பெய்தால் நனையும் என்று சொல்வதுபோல் சொன்னாள் மிளகு. "நான் பாத்ரூம் போனா அம்மா காணாம போயிடும். நான் போகலன்னா இருக்கும். நான் போறதாலதான்."

"அப்படியெல்லாம் இல்லடா கண்ணு."

"ஆமா. பழைய வீட்ல நான் தூங்கிட்டேன். எழுந்தா வேற வீடு."

அம்மா சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். சாமான் ஏற்றும்போது குழந்தை நச்சரிக்கக் கூடாதென்று, தூங்க வைத்து, தோளில் போட்டுக்கொண்டு வந்தவள் அவளேதான்.

மூன்று வாரமாக இந்தப் பிள்ளை எதற்கும் பழகவில்லை. காவல் காத்துக்கொண்டிருந்தது. கண்ணை எடுத்தால் ஏதாவது காணாமல் போகும் என்று கண்டுபிடித்து, தன் சின்ன உடம்பையே தாழ்ப்பாளாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைத்தான் எல்லோரும் சமத்து என்றார்கள்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "அப்படித்தான், என் ராசாத்தி" என்றாள் அந்தப் பெண். ஐந்து விரலும் கதவு திறக்கும்வரை அங்கேயே இருந்தன.

மிளகைப் பாயில் படுக்க வைத்துவிட்டு வந்தபோதுதான் அவள் அம்மாவைப் பார்த்தாள். சண்டைக்குத் தயாரானவள்போல் முந்தியை இழுத்துச் செருகினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது.

"போன வாரமே சந்தேகம் வந்துச்சும்மா. கூப்பிட்டா வராது. தண்ணி குடுத்தா வாயில வெச்சிட்டுத் துப்பிடும். இன்னிக்குத்தான் மொத தடவையா உள்ள போச்சு. டீச்சர்கிட்ட சொல்லி திங்கக்கிழமை டைரியில எழுதிக் குடுத்தேனே. நீங்க பாக்கலையா?"

அலமாரியிலிருந்து டைரியை எடுத்து நீட்டினாள். 'குழந்தை பகலில் ஒரு தடவைகூடப் பாத்ரூம் போக மறுக்கிறாள். தண்ணீரும் குடிப்பதில்லை. வீட்டில் கேட்டுப் பார்க்கவும்.' அதற்குக் கீழே, 'பார்த்தேன்' என்ற இடத்தில், அம்மாவின் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை காலை, ஒரு கையில் செருப்போடு, படிக்காமல் போட்டது.

"நான் போன்ல..." என்று ஆரம்பித்தாள் அம்மா. டைரியை மூடினாள்.

"விடுங்கம்மா. புள்ளைக்கு முடியலன்னா யாருக்குத்தான் நிதானம் இருக்கும்?" என்று அந்தப் பெண் வாளிப் பக்கம் பார்த்தாள். "நான்தான் இன்னிக்கு லேட்டு. மூணு மணிக்கு மணி அடிக்கறதுக்குள்ள இத்தனையும் கழுவி முடிக்கணும். நேத்தே முடிக்கல, ஹெச்.எம். வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. குழந்தைய கூப்பிட்டுப் பாத்தே அரை நேரம் போயிடுது."

அம்மா நடையின் கோடிக்குப் போய்க் கணவனுக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ கட்டடத்தில் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் எதிரொலித்தது. கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். மறுமுனையில் ஸ்பேனர் எதன்மேலோ வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"கேக்கறீங்களா?"

"கேக்கறேன்" என்றார். "கதவு மூடறதுக்கு முன்னாடி மணி அடிக்கலன்னா அந்த லிஃப்ட்டை நான் பாஸ் பண்ண மாட்டேன். உள்ள இருக்கறவன் பயந்துடுவான்னு. நம்ம புள்ளைக்கு ஒரு மணிகூட அடிக்கல நான். யோசனை சொன்ன வாய் இது. உன்மேல தப்பு இல்ல."

"படியிறங்குன கால் என்னுதுங்க."

அவர் ஸ்பேனரை மறுபடி எடுக்கும் சத்தம் கேட்டது.

"சனிக்கிழமை என்ன சொல்லப் போற?" என்றார் அவர். "ஆறு மணி ஷிஃப்ட்டுன்னா அஞ்சே காலுக்குக் கிளம்பணும். அவ தூங்கிட்டிருப்பா. தூங்குற குழந்தைகிட்ட எப்படிச் சொல்லிட்டுப் போறது?"

"தெரியல" என்றாள் அம்மா.

போனை வைத்துவிட்டுப் பெரிய அறைக்குள் போனாள். மிளகு கண்ணை இறுக மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிற கண் அப்படி இறுகாது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் கை வைத்ததும் பட்டென்று திறந்தன.

"அம்மா! வீட்டுக்கா?"

கொஞ்சம் தட்டிக் கொடுத்தால் தூங்கிவிடுவாள். தூங்கியதும் எழுந்து போகலாம். சத்தம் இல்லை, கண்ணீர் இல்லை. கை தானாகவே தட்ட ஆரம்பித்தது. 'ஆண்டவனே, இந்த ஒரு தடவை என் காலைக் கட்டிப் போடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். தட்டுவதை நிறுத்தினாள்.

"மிளகு, அம்மா சொல்றத கேளு. காலைல நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் பதில் சொல்லாம போயிட்டேன். அது தப்பு. நீ பாத்ரூம் போனதால நான் போகல. எனக்கு வேலை, அதனால போனேன். நீ எத்தனை தடவை உள்ள போனாலும் நான் காணாம போக மாட்டேன்."

மிளகு கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இப்பவும் போகணும். லேபுக்குப் போறேன். நீ தூங்கி எழுந்து, பால் குடிச்சு, மணலில் விளையாடுவீங்கல்ல, அது முடிஞ்சதும் அப்பா வருவாங்க. வீட்டுக்குப் போய் விளக்குப் போடுற நேரத்துக்கு நான் வந்துடுவேன். போகட்டுமா?"

"வேணாம்."

"போகணும்டா."

மூன்று வாரமாக ஒரு சொட்டு சிந்தாத அந்தப் பிள்ளை அழ ஆரம்பித்தது. அழுகையா அது! கையைக் காலை உதைத்து, பாயைச் சுருட்டி, பள்ளிக்கூடமே கூரை பெயர்கிற மாதிரி. பக்கத்துப் பாயிலிருந்து ஒரு பையன் எழுந்து துணைக்கு அழுதான். டீச்சர் திடுக்கிட்டு, "யாரு அது, மிளகா?" என்றார். அந்தப் பெண் ஓடி வந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

அம்மா எழுந்தாள். பூனை நடை இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, குழந்தையின் கண்ணெதிரே, அறையின் நடுவாக நடந்து, வாசலில் திரும்பிக் கை காட்டிவிட்டு வெளியே வந்தாள். அழுகை முதுகில் கல்லாய் விழுந்தது. ஒரு அம்மாவுக்கு இதைவிடக் கஷ்டமான நடை கிடையாது. ஆனாலும் அதில் ஒளிவு இல்லை.

பின்பக்க நடைக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. பின் விக்கலாக மாறியது. விக்கலுக்கு நடுவே மிளகின் குரல் கேட்டது.

"அம்மா போயிடுச்சு."

"ஆமா, போயிட்டாங்க" என்றாள் அந்தப் பெண். "சொல்லிட்டுத்தானே போனாங்க?"

ஒரு விக்கல். மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அக்கா, தண்ணி வேணும்."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணி இரண்டு இருபது. அறைக்குள் எட்டிப் பார்க்காமலே தெரிந்தது, அந்தப் பெண்ணால் இப்போதைக்கு எழுந்து வர முடியாது. மிளகு அவள் மடியைவிட்டு இறங்க மாட்டாள். வாளியும் பிரஷும் போட்டது போட்டபடி கிடந்தன. பாதி கழுவிய தரை பாதியிலேயே நின்றது.

அம்மா பையை ஜன்னல் கம்பியில் மாட்டினாள். செருப்பைக் கழற்றினாள். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, வாளியில் தண்ணீர் பிடித்தாள். தண்ணீர் வாளியின் ஓரமாக வழியும்படி குழாயை மெல்லத் திறந்தாள், உள்ளே இருக்கும் இருவருக்கும் சத்தம் கேட்காமல்.

மூன்று கதவுகளுக்குள்ளும் மூலை முடுக்கு விடாமல் தேய்த்தாள். குழந்தைகளின் உயரத்துக்கு வைத்த சின்னக் கழிப்பறைப் பீங்கான்கள், சுவரில் பென்சில் கிறுக்கல், தரையில் யாரோ உருட்டிவிட்ட சோப்பு. எல்லாவற்றையும் கழுவினாள். நடை முழுக்கத் தண்ணீர் ஊற்றிப் பெருக்கித் தள்ளினாள். வாளியைக் கவிழ்த்து வைத்து, பிரஷை ஆணியில் மாட்டினாள்.

மூன்று அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பையையும் செருப்பையும் கையில் எடுத்துக்கொண்டாள். ஈரத்தில் தன் கால்தடம் பதியாமல், சுவர் ஓரமாகவே நடந்து, பின்வாசல் வழியாக வெளியேறி பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.